கொரோனாவில் போகாத சாவுக்கு இப்போது போய் நிற்கலாமா?

வடசென்னைவாசி (கேள்வி):

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. கொரோனா காலம் நமக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று அவ்வப்போது இங்கே பேச்சு வரும். சேமிப்பு, மாடித் தோட்டம், குடும்பத்தோடு நேரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நானும் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கு அது காட்டிக்கொடுத்தது, நான் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லக்கூடியவன் என்பதை.

2020 ஜூலையில் என் சித்தப்பா இறந்தார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. ஊர் கோவில்பட்டி பக்கம். என் அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். அன்றைக்குக் கொள்ளிக்குடம் என் தோளில். தண்ணீரோடு அந்தக் குடம் எட்டாவது படிக்கிற பையனுக்கு எவ்வளவு கனம் என்று சுமந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையால் குடத்தின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றும் என் பின்னாலேயே சுற்றி வந்தவர் சித்தப்பா. அப்புறம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய சம்பளத்தில் என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்ததும் அவர்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போகாமல் இருக்கக்கூடிய சாவு இல்லை அது.

நாங்கள் அப்போது ராயபுரம் பக்கம் குடியிருந்தோம். மே, ஜூனில் சென்னையிலேயே அந்த மண்டலத்தில்தான் தொற்று அதிகம். தெருமுனையில் தகரம் அடித்திருந்தார்கள். வீட்டில் பதினோரு மாதக் குழந்தை. ஊரிலிருந்து வேறு, மெட்ராஸ்காரன் வந்தால் செக்போஸ்டிலேயே பரிசோதனை எடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் அடைத்து வைக்கிறார்கள் என்று தினம் ஒரு செய்தி.

காலையில் இறப்பு என்ற காரணம் போட்டு இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். ஆறு மணி இருக்கும். எட்டரைக்கெல்லாம் அனுமதி வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, கிடைக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, போன் செய்தான். "ரிஜெக்ட் ஆயிடுச்சுடா" என்றேன். "சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. ஆகஸ்ட் 17க்குப் பிறகு விண்ணப்பித்தவருக்கெல்லாம் பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகப் பாஸே தேவையில்லை, 7ஆம் தேதி வெளியூர் பஸ்ஸும் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போதும் போகவில்லை. நாள் ஆக ஆக, போவதை விட இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் தேடுவது பெரிய வேலையாகிவிட்டது. அதன்பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். "வாங்கண்ணே" என்றான், தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை வரவேற்கப் போய்விட்டான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு இத்தனை வருடத்தில்.

கேட்க வந்தது இரண்டு. இப்போது போய்த் துக்கம் கேட்டால் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? போனால் பாஸ் கிடைத்த விஷயத்தைச் சொல்ல வேண்டுமா?

உப்புக்காத்து:

அண்ணாச்சி, மனதைப் போட்டு உழப்பாதீர்கள். அந்த வருஷம் யார்தான் எங்கே போனார்கள்? சாவுக்கு இருபது பேர், கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று அரசாங்கமே எண்ணிக் கொடுத்த காலம். என் தங்கச்சி கல்யாணத்தை வீட்டு முற்றத்தில் முடித்தோம், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை. கூப்பிடாத சொந்தம் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே சாக்கு, ஒரே மன்னிப்பு. பாஸ் கீஸ் என்று அஞ்சு வருஷம் கழித்துப் போய்க் கிளறினால் ஆறின சோறு கஞ்சியாகும். விடுங்கள்.

இரவுப்பணி:

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். உப்புக்காத்து சொல்கிற ஒரே மன்னிப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பயந்ததற்காக உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன், ஏனென்றால் அந்தப் பயத்தை நான் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

ஒரு வாரம் கோவிட் வார்டு, ஒரு வாரம் தனிமை, அதற்கப்புறம்தான் வீடு. வாடகை வீட்டின் மாடியில் இருந்தேன். நான் படியேறி முடிக்கும் வரை காத்திருந்து, கீழ்வீட்டு ஓனரம்மா பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு வந்து ஒவ்வொரு படியாகக் கழுவுவார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே போகும் வரைக்கும் அந்தத் துடைப்பச் சத்தம் பின்னாலேயே வரும். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. மாசம் முடிந்ததும் "பையன் வேலைக்கு ரூம் வேணும்மா" என்று வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அதே அம்மா 2021 மே மாதம் ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்தார்கள், வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் பெட் எங்கேயாவது இருக்குமா என்று. எடுத்துப் பேசினேன், தெரிந்த நம்பரெல்லாம் கொடுத்தேன். படி கழுவியதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த முதல் மாதங்களில் ஜனங்கள் பயந்த பயம் உங்களுக்கு நினைவில்லையா? 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கப் போனவர்களை அடித்து விரட்டினார்கள், ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, கடைசியில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு மருத்துவரும் ஆஸ்பத்திரி ஊழியர்கள் இரண்டு பேரும் நள்ளிரவுக்கு மேல் தாங்களே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள். அடித்தவர்களும் வீட்டுக்குப் போனால் யாருக்கோ அப்பாவும் அண்ணனும்தான். அதற்கப்புறம் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது, யோசித்துப் பாருங்கள், ஒரு பிணத்தைப் புதைக்க விடு என்பதற்கு நம் ஊரில் ஒரு சட்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள், கண்டிப்பாகப் போங்கள். பாஸ் விஷயத்தைச் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் பாரம் இறங்கும், சரி. தம்பி அதை எங்கே கொண்டுபோய் இறக்குவார்?

கல்லாப்பெட்டி:

விருதுநகர் பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துக்கம் கேட்பது பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் முகம் கொடுக்க முடியாமல் ஒருவர் தெருவை மாற்றிக்கொள்வது பற்றி நன்றாகத் தெரியும்.

2020 ஏப்ரலில் ஒரு மணிக்குக் கடையை அடைக்கணும். காலையில் வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு வைப்பேன். ஜனங்கள் வட்டத்தில் பையையும் செருப்பையும் வைத்துவிட்டு எதிரே வேப்பமர நிழலில் எல்லாரும் ஒன்றாகக் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், செருப்புகள் மட்டும் ஒழுங்காக இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும். சிரிப்பாக வரும். ஆனால் கடன் நோட்டு அந்த இரண்டு மாதத்தில் மூன்று மடங்கு தடித்துவிட்டது. ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்களே, அதை வாங்கின கையோடு நேரே என் கடைக்கு வந்து பழைய பாக்கியில் ஐநூறைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் அரிசி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதே சமயம் வசதியாக இருந்தும் கையை விரித்தவர்களும் உண்டு, அதை விடுங்கள்.

ஒரு டெய்லர். நாலாயிரத்துச் சொச்சம் பாக்கி. தைக்கத் துணி வரவில்லை, முகக்கவசம் தைத்து விற்றுப் பார்த்தார், அதுவும் ஊரே தைக்க ஆரம்பித்ததும் படுத்துவிட்டது. கொஞ்ச நாளில் எங்கள் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டார். பின்சந்தில் சாக்கடையைத் தாண்டிக் குதித்துப் போவார், ஐம்பது வயசு ஆள். இரண்டு வருஷம் இப்படியே போனது. எனக்கு ஆத்திரம் இருந்தது, பணத்துக்காக இல்லை என்று சொன்னால் பொய், பணத்துக்காகவும்தான். ஆனால் தினம் காலையில் கடை வாசலில் நின்று பேப்பரைச் சத்தமாகப் படிக்கிற ஆள் அவர், நான் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்பேன். அது நின்றுபோனது. கடைசியில் நான்தான் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பிடித்து, "அண்ணே, பாக்கி கிடக்கட்டும், தெருப்பக்கம் வாங்க" என்றேன். மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இருநூறு ரூபாயோடு வந்தார்.

ஐயா, உங்கள் தம்பி எனக்கு அந்த டெய்லரைத் தேடிய ஆள் மாதிரித் தெரியவில்லை, அவர் உங்களைத் தேடி டீக்கடைக்கு வர மாட்டார். நீங்களாகத்தான் இருநூறு ரூபாயோடு போக வேண்டும். முழுப் பாக்கியையும் ஒரே நாளில் கட்ட நினைக்காதீர்கள்.

மல்லிப்பந்தல்:

இரவுப்பணி அக்கா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

என் அப்பா 2021 மே மாதம் போனார். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று பதிவானதே, அதே வாரம். ஆக்சிமீட்டர் 88 காட்டியது, பேட்டரி சரியில்லையோ என்று மாற்றிப் போட்டுப் பார்த்தோம், அப்புறம் அம்மா விரலில் மாட்டிப் பார்த்தோம், அதில் 97. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், நாலு மணி நேரம் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன். உள்ளே சேர்த்ததும் ரெம்டெசிவிர் வாங்கி வரச் சொன்னார்கள். என் தம்பி கீழ்ப்பாக்கத்தில் இரண்டு ராத்திரி வரிசையில் நின்றான், அப்புறம் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் போய் நின்றான். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவன் அந்த இரண்டு ராத்திரியும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தால் மட்டும் உள்ளே விட்டிருப்பார்களா, அதுவும் இல்லை. ஆனாலும் அவனுக்கு அது ஆறவில்லை.

அப்பா கடைசியாக என்னிடம் கேட்டது போன் சார்ஜர். அதில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி, அவர் பெயரையும் வார்டு நம்பரையும் எழுதி கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். போன் திரும்ப ஆன் ஆகவே இல்லை. சார்ஜர் அவர் கைக்குப் போனதா என்று இன்று வரைக்கும் தெரியாது.

சுடுகாட்டுக்கு இரண்டு பேர். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை, வர வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். போனில் கைகூப்பின பொம்மைகளாக வந்து குவிந்தன. அதையெல்லாம் நான் கணக்கில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் பதினாலு நாளும் கேட் கம்பியில் தூக்குவாளியை மாட்டிவிட்டு, காலிங் பெல்லை அழுத்தாமல் "ரசம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் சொல்ல வந்தது இது. அப்பாவோடு முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்த ஒரு மாமா, அதே ஊரில் இருந்துகொண்டு, இரண்டு வருஷம் கழித்து 2023இல்தான் வந்தார். அது வரைக்கும் வீட்டில் அவர் பெயரை எடுத்தாலே எனக்கு எரியும். வந்து உட்கார்ந்தார். முழங்கால் வலி, ஊரடங்கு, மகன் விடவில்லை என்று என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "பயந்துட்டேம்மா" என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லை. அம்மா காபி கொடுத்தார், குடித்தார், படத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அப்பா போனதிலிருந்து நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

அதனால் பாஸைப் பற்றிச் சொல்லுங்கள் சொல்லாதீர்கள், அது உங்கள் இஷ்டம். பயந்ததை மட்டும் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துவிட்டு வேறு எதைச் சொன்னாலும் அவர்களுக்குக் காதில் ஏறாது.

தெற்குவெளி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் உங்கள் தம்பி இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்த இடத்தில் இருக்கிறவன். என் அம்மா 2020 ஆகஸ்டில் இறந்தபோது என் பெரியப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை. பாஸ் கிடைக்கவில்லை என்றுதான் அவரும் சொன்னார்.

இங்கே எல்லாரும் சொல்லலாமா கூடாதா என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு அன்றைக்கே தெரியும். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி அதே வாரம் இன்னொரு சாவு, அதற்குச் சென்னையிலிருந்தே கார் வந்தது. கண்ணாடியில் பாஸை ஒட்டியிருந்தார்கள். நான் நின்று அந்தத் தாளை முழுக்கப் படித்தேன், காரணம் என்ற இடத்தில் இறப்பு என்று இருந்தது. சாவுக்குப் பாஸ் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நானே அந்த வருஷம் மூன்று சாவுக்குப் போகவில்லை. பாடை தூக்க ஆள் போதாமல் பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் சரி, காலம் அப்படி என்று விட்டுவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் ஆளில்லாமல் நானும் என் மச்சானும் அடுப்பில் நிற்கிறோம், போனைப் பார்த்தால் அண்ணன் ஸ்டேட்டஸில் பரோட்டா. முதல்முறை வீட்டிலேயே சுட்டாராம், அடுக்கு அடுக்காக வந்திருக்கிறதாம், அதற்கு ஒரு பாட்டு வேறு. அதை வைத்தபோது அவர் என்னை நினைத்தே இருக்க மாட்டார். அங்கேதான் எனக்கு விட்டுப்போனது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் பரோட்டாவுக்கா கோபம் என்று சிரிப்பார்கள்.

அவர் இப்போது வந்து நின்றால் என்ன செய்வேன் என்று கேட்டால், உட்காரச் சொல்வேன். அதற்கு மேல் தெரியாது.

உப்புக்காத்து:

தெற்குவெளி, சிரிக்க மாட்டேன். நான் மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மண்டப அட்வான்ஸைத் தவிர.

வடசென்னைவாசி:

எல்லாருக்கும் நன்றி. தெற்குவெளி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பீரோவில் கிடந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். பேட்டரி உப்பியிருந்தது, ஆனாலும் வேலை செய்தது. படங்களில் தேதியைத் தேடினேன். சித்தப்பாவின் பதினாறாம் நாள் அன்று என் மகளுக்கு முதல் பிறந்தநாள். குக்கரில் சுட்ட கேக், நடுவில் பள்ளம் விழுந்து, அதை மறைக்க ஜெம்ஸ் மிட்டாய் கொட்டியிருக்கிறோம். அதை ஸ்டேட்டஸ் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. தம்பி பார்த்தானா என்று அன்றைக்குப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி அவனுக்குப் போன் செய்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன்டா." "என்ன விசேஷம்ணே?" "ஒண்ணுமில்ல, சித்தியைப் பார்க்கணும்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பின்னால் டிவி ஓடுகிற சத்தம் மட்டும். அப்புறம் "சரிண்ணே" என்றான். 2020இல் சொன்ன அதே சரிண்ணே.

பாஸ் மெசேஜ் இன்னும் அந்தப் போனில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போவதா என்று முடிவு செய்யவில்லை. மல்லிப்பந்தல் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், பாத்ரூமில் நின்று. வாய் வரவில்லை.

இன்னொன்று, சின்ன சந்தேகம், பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பார்கள். ஐந்து வருஷம் கழித்துப் போகிறவன் சொல்லலாமா?

இரவுப்பணி:

பாஸ் இருக்கும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பேட்டரி உப்பினதை பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள், அது தனி ஆபத்து.

கல்லாப்பெட்டி:

எங்கள் பக்க வழக்கத்தைச் சொல்கிறேன். உள்ளே போனதும் செம்பில் தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடித்துவிடுங்கள். கிளம்பும்போது சித்தி வாசல் வரைக்கும் வந்தார்கள் என்றால் போய்விட்டு வருகிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம். உள்ளேயே இருந்துவிட்டார்கள் என்றால் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு ராத்திரி கோவில்பட்டியிலிருந்து சென்னை வண்டியில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது, ரிட்டர்ன் டிக்கெட்டை இப்போதே போட்டு வையுங்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்குப் போடுங்கள்.